கோழிக்காசு

தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்ற முத்துலிங்கம், சேமலாப நிதிப் பணத்தில் செய்த ஒரே ஆடம்பரம் அந்தத் தங்க நாணயம். அதன் ஒரு பக்கத்தில் இலங்கைக் காட்டுக்கோழி கொண்டையும் வாலுமாக நிமிர்ந்து நிற்கும், ஏறக்குறைய முத்துலிங்கத்தைப் போலவே. சீல் வைத்த பிளாஸ்டிக் டப்பிக்குள் அது வாசம் செய்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் பார்க்கலாம், தொடக் கூடாது, கிட்டே மூச்சும் விடக் கூடாது.

“சேகரிப்பு நாணயங்க. உலகத்துலயே ஐந்நூறுதான் அடிச்சிருக்கான்.”

தலவாக்கலை ஊர் அதற்கு வைத்த பெயர் கோழிக்காசு.

மகன் விஜிதரனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. “தாலிக்குத் தங்கம் என் பொறுப்பு” என்று பரிசத்தன்று சபையில் முழங்கினார். பிறகு விலை இறங்கட்டும் என்று காத்திருந்தார். தங்கம் அவரை மதிக்கவில்லை, ஏறிக்கொண்டே போனது.

பொன்னுருக்கு நாளும் வந்தது. நல்ல நேரத்துக்குள் தங்கத்தை உருக்கித் தாலிக்கு எடுக்க வேண்டும். பழனியாண்டி ஆசாரி அடுப்பை மூட்டிவிட்டுக் கையை நீட்டினார். போட்டுக் கழற்றிய நகை ஆகாது. வீட்டில் மிச்சம் இருந்தது கோழிதான்.

“டப்பியக் கொண்டாங்க” என்றாள் மனைவி சண்முகவடிவு.

“சீல ஒடச்சா மதிப்பு போயிரும் வடிவு. இது என்ன கறிக்கோழியா? தேசியப் பறவை!”

“சபையில கூவுனப்ப அது தெரியலையா?”

“முழுசா வேணாங்க ஐயா” என்றார் ஆசாரி. “ஒரு துண்டு போதும். நேரம் போகுது.”

புது வேட்டியில் நின்ற விஜிதரன், “விடுங்கம்மா, அப்பாவ நச்சாதீங்க. மஞ்சக் கெழங்க முடிஞ்சு கட்டுனாலும் தாலிதானே” என்றான்.

அவன் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே சொன்னான். அதுதான் முத்துலிங்கத்துக்குத் தாங்கவில்லை. டப்பியை எடுத்து, மூச்சுப் படக் கூடாத அந்த சீலைத் தன் பல்லாலேயே கடித்துப் பிய்த்தார்.

“தலையில கை வச்சிராதீங்க ஆசாரி. வால் பக்கமா எடுங்க.”

உளி விழுந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கல்யாணம் முடிந்து வந்த முதல் விருந்தாளிக்கே டப்பி வெளியே வந்தது.

“ஐந்நூறு அடிச்சான். எல்லாத்துக்கும் வால் இருக்கு. வாலில்லாதது உலகத்துலயே இது ஒண்ணுதான்.”

“வால் எங்கங்க போச்சு?”

முத்துலிங்கம் மருமகள் பிரியந்தி வந்த பக்கம் தாடையால் காட்டினார்.

“அந்தா, டீ கொண்டு வருது பாருங்க.”