அக்கா வெட்டிய காட்டுப்பூக்கள்

பஸ் டெப்போவுக்குப் பின்னால் கிடந்த குப்பைமேட்டைச் சின்னக் காடாக்க ஆசைப்பட்டது தையல்காரிதான். நகராட்சிக்கு மூன்று வருடம் நடையாய் நடந்து அனுமதி வாங்கினாள். அந்த மண்ணில் தானாய் வளரும் மரங்களாகப் பார்த்து விதை பொறுக்கி, தையல் மெஷினுக்குப் பக்கத்திலேயே பைகளில் முளைக்க வைத்து, பாதி நிலத்தில் நூற்றிருபது கன்று நட்டாள். பறவையும் அணிலும் வர வேண்டும். தெருக்காரர்கள் தன்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். இரண்டாவது ஆசைதான் பெரிது, அதை வெளியே சொல்லவில்லை.

கன்றுகளோ முழங்காலைத் தாண்ட மாட்டேன் என்று அடம்பிடித்தன. அப்போதுதான் நர்ஸ் வேலை பார்க்கும் தங்கச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, மறுபாதி நிலத்தில் காட்டுப்பூ விதைகளை அள்ளி வீசிவிட்டு டீ குடிக்கப் போனாள். இரண்டே மாதம். மஞ்சளும் ஊதாவுமாய்ப் பூத்துத் தள்ளியது, பட்டாம்பூச்சி மொய்த்தது. டெப்போ ஆட்கள் மொத்த இடத்துக்குமே ‘நர்ஸம்மா தோட்டம்’ என்று பேர் வைத்துவிட்டார்கள்.

சின்ன வயதிலிருந்தே இதே கதைதான். அக்கா மாடாய் உழைப்பாள், தங்கச்சி சிரித்துக்கொண்டே பேர் வாங்குவாள்.

ஒருநாள் மெக்கானிக் ஒருவர் கேட்டார்: “உங்க தங்கச்சி கைராசியே தனிக்கா. நீங்களும் இங்க ஏதாவது நட்டிருக்கீங்களா?”

 மறுநாள் மத்தியானம், தங்கச்சி ட்யூட்டியில் இருந்த நேரம், தையல்காரி அரிவாளோடு போனாள். உச்சியில் பூ இருந்தது. கீழே காய்கள் பழுப்பேறி வெடிக்கக் காத்திருந்ததை அவள் கவனிக்கவில்லை. கோபத்துக்கு ஏது கண்? அத்தனையையும் வெட்டி, கட்டுக்கட்டாய்த் தன் கன்றுகளுக்கு நடுவே தரதரவென்று இழுத்துப்போய்ச் சுவரோரம் குவித்தாள். கேட்டவர்களிடம் பாம்பு நடமாட்டம் என்றாள். சாயங்காலம் தங்கச்சி வந்து பார்த்தாள். அப்படியே திரும்பிப் போனாள்.

அடுத்த மழைக்கு இரண்டு பாதியும் பூத்தது. தையல்காரியின் கன்றுகளுக்கு நடுவேதான் ரொம்ப அடர்த்தி.

அதே மெக்கானிக் வாய் பிளந்தார். “விதை முத்தின நேரம் பார்த்து வெட்டி, இந்தப் பக்கமும் உதறி விட்டிருக்கீங்க. தொழில் தெரிஞ்ச கைக்கா!”

“எதுக்கும் ஒரு பக்குவம் இருக்குல்ல?” என்றாள் தையல்காரி, கூச்சமே இல்லாமல். இத்தனை வருடத்தில் அன்றுதான் அவளுக்கு மனசு குளிர்ந்தது.

அவர் போகும்வரை தங்கச்சி பக்கத்திலேயே நின்றாள். “அக்கா, நீ வெட்டினது எதனாலன்னு எனக்குத் தெரியும்.”

“பாம்புடி...”

“பாம்பாவது ஒண்ணாவது. மூணு நாள் அழுதேன். யார்கிட்டயும் மூச்சு விடலை. இந்த வருஷமும் உனக்கு வயிறு எரிஞ்சா, விதை முத்துற வரைக்கும் பொறுத்துக்கோ. அப்புறம் வெட்டு.”

 தையல்காரி மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தாள், கேட்கவில்லை. தங்கச்சி அவள் தோளைத் தட்டிவிட்டு ட்யூட்டிக்குக் கிளம்பினாள்.

ஒரு வருடம் முழுக்க இதை மனசிலேயே வைத்துக்கொண்டு, அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டிருக்கிறாள். தன்னால் ஒருநாள்கூட அப்படி இருந்திருக்க முடியாது. அதை நினைத்தபோதும் தையல்காரிக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.