தட்டினால் ஒரு பாயிண்ட்

பொன்னியின் கை அவள் வலது தொடையில் விழுந்தால் எங்கள் தாமல் ஏரிக்கு அந்தக் கரையில் மாடு மேய்ப்பவனுக்குக் கூடக் கேட்கும். கபடியில் பாடிப் போவதற்கு முன்னால் ஒரே ஒரு தட்டு, அவ்வளவுதான். ஜெயித்த பிறகு தட்ட மாட்டாள், துள்ள மாட்டாள். உள்ளே போகும்போது மட்டும் அது வேண்டும். இல்லாவிட்டால் அவளுக்குக் கால் நகராது.

2003 காணும் பொங்கலன்று சின்ன காஞ்சிபுரத்தில் நடந்த பெண்கள் கபடி இறுதி ஆட்டம் இந்த ஒரு தட்டில் போய் மாட்டிக்கொண்டது. நான் காந்தா, தாமல் அணியின் கேப்டன். அதற்கு முன் மூன்று வருஷமும் இறுதி ஆட்டம் வரை வந்து, மூன்று வருஷமும் ஐயம்பேட்டைக்காரிகளிடம் தோற்று, பஸ்ஸில் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் ஊர் திரும்பியவர்கள் நாங்கள். இந்த முறையும் தோற்றால் அணியைக் கலைத்துவிட வேண்டும் என்று ஊரில் பேசி முடித்துவிட்டார்கள். எங்கள் சித்தப்பா அர்ஜுனன் அதைச் சொல்வதற்கென்றே பஸ் ஏறி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

போட்டியை நடத்திய கழகத்தின் தலைவர் பராங்குசம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நல்ல மனிதர், பொய் சொல்லக் கூடாது. வெயிலில் வந்த எங்களுக்கெல்லாம் மோர் கொடுக்கச் சொன்னவர் அவர்தான். ஆனால் முந்தைய வருஷம் டிவியில் ஒரு கிரிக்கெட்காரர் சட்டையைக் கழற்றிச் சுழற்றியதைப் பார்த்ததிலிருந்து அவருக்கு மனசு ஆறவில்லை. அந்தக் கோபத்தை எடுத்துவந்து எங்கள் தலையில் இறக்கினார்.

"விளையாட்டுன்னா அடக்கம் வேணும். தொடையைத் தட்றது, மார்ல அடிச்சுக்கறது இதெல்லாம் இங்க கூடாது. யார் தட்டினாலும் எதிர் டீமுக்கு ஒரு பாயிண்ட். இதுதான் ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப்" என்று மைக்கில் அறிவித்தார்.

அறிவித்த கையோடு காலையில் ஆண்கள் ஆட்டம் நடந்தது. அவர்கள் தட்டிய தட்டில் பந்தலே ஆடியது. ஒரு விசில் கூட ஊதவில்லை. ஆம்பளைத் தொடையில் சத்தம் வராது போலிருக்கிறது.

எங்கள் ஆட்டம் தொடங்கியதும் பொன்னி வழக்கம்போலத் தட்டிவிட்டுப் பாடிப் போனாள். நடுவர் குப்புசாமி விசில் ஊதி, ஐயம்பேட்டைப் பக்கம் ஒரு விரலைக் காட்டினார். பொன்னிக்குப் புரியவில்லை. அடுத்த முறையும் கை தானாகவே போய் விழுந்தது. இன்னொரு விசில். கரும்பலகையில் சாக்பீஸால் புள்ளி எழுதிக்கொண்டிருந்த கோதண்டபாணி எங்களைப் பாவமாகப் பார்த்தார். பாதி ஆட்டம் முடிந்தபோது நாங்கள் இரண்டு பாயிண்ட் பின்னால் இருந்தோம். இரண்டும் பொன்னியின் தொடை தானம் செய்தவை.

"கையைக் கட்டிக்கினு போடி" என்று அவளைக் கடிந்துகொண்டேன். வேறென்ன சொல்ல?

இரண்டாம் பாதியில் அவள் டவுசர் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பாடிப் போனாள். பார்க்கவே சகிக்கவில்லை. நாலு எட்டு வைப்பதற்குள் ஐயம்பேட்டை கேப்டன் ஜெயம்மாள் அவள் கணுக்காலைப் பிடித்துவிட்டாள். ஜெயம்மாள் தறியில் உட்காருகிறவள். அவள் பிடித்த காலை அவளாக விட்டால்தான் உண்டு. ஐயம்பேட்டைக்கு இன்னும் ஒரு பாயிண்ட் ஏறியது. மண்ணில் கிடந்த பொன்னியை ஜெயம்மாள் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். முகத்தில் ஜெயித்த களை இல்லை, கோபம்தான் இருந்தது.

"ஏம்மா, சத்தம் குடுக்காம உள்ள வரியே, நீ இன்னா திருடியா? இல்ல, எங்களுது ஆளில்லாத வூடா?"

பொன்னி வெளியே போய் உட்கார்ந்தாள். எனக்குத்தான் அந்த வார்த்தை நறுக்கென்று பட்டது. ஒருத்தர் வீட்டுக்குப் போனால் வாசலில் நின்று குரல் கொடுத்துவிட்டுத்தானே உள்ளே காலை வைப்போம்? பொன்னியின் தட்டும் அதுதான். 'நான் வருகிறேன், பார்த்துக்கொள்' என்று சொல்லிவிட்டுப் போவது. அதைத் திமிர் என்று எழுதிவைத்தவர் மோர் குடித்துக்கொண்டிருந்தார். அடக்கமாகப் போனதை அவமரியாதை என்று எதிராளியே சொல்கிறாள்.

அடுத்துப் பாடி வந்த ஐயம்பேட்டைக்காரியை நான் இடுப்போடு சேர்த்துப் பிடித்தேன். ஒரு பாயிண்ட் கிடைத்தது, பொன்னியும் உள்ளே வந்தாள். என் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னாள்.

"தட்டாம போனா மூச்சே நிக்க மாட்டேங்குதுக்கா."

"தட்டு. ஒரு பாயிண்ட் தானே போவும்? போனா போவுது, மூணு பேரைத் தொட்டுக்கினு வா."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு நடுக்கோட்டுக்குப் போய் நின்று தட்டினாள். அப்பா, அந்தச் சத்தம்! காலையில் ஆண்பிள்ளைகள் தட்டியதெல்லாம் அதன் பக்கத்தில் கொசு அடித்த மாதிரி. குப்புசாமி விசில் ஊதினார், பாயிண்ட் போனது. பொன்னி பாடிக்கொண்டே உள்ளே பாய்ந்து, இடது மூலையில் ஒருத்தி, நடுவில் ஒருத்தி, திரும்பும்போது காலால் ஒருத்தி என்று மூன்று பேரைத் தொட்டுவிட்டு வந்தாள். இரு அணியும் சமம். கூட்டம் எழுந்து நின்றது.

இப்போது ஜெயம்மாளின் முறை. நடுக்கோட்டில் நின்றாள். பொன்னியை நேராகப் பார்த்தாள். கையை ஓங்கித் தன் தொடையில் ஒரு தட்டு தட்டினாள்.

குப்புசாமிக்கு விசில் வாயிலேயே நின்றுவிட்டது. "ஏம்மா, உனுக்கு ரூல் தெரியாதா?" என்று கேட்டார்.

"தெரியும் சார். அவங்களுக்கு ஒரு பாயிண்ட் போடுங்க. எங்களால வாங்கிக்க முடியும்னா குடுக்கவும் முடியும்."

அதற்கப்புறம் நடந்தது கபடியா கச்சேரியா என்று தெரியவில்லை. இந்தப் பக்கத்திலிருந்து யார் போனாலும் ஒரு தட்டு, அந்தப் பக்கத்திலிருந்து யார் வந்தாலும் ஒரு தட்டு. வாழ்நாளில் தட்டாத எங்கள் வள்ளி கூடத் தட்டினாள்; வலித்தது என்று பிறகு சொன்னாள். ஒவ்வொரு தட்டுக்கும் எதிர் அணிக்கு ஒரு பாயிண்ட் ஏற, கோதண்டபாணி துடைப்பதும் எழுதுவதுமாக முகமெல்லாம் சாக்பீஸ் மாவு. விதி என்னவோ அப்படியேதான் இருந்தது. அதை மதித்துத்தான் எல்லோரும் தட்டினோம்.

கடைசி ரெய்டு என்று குப்புசாமி அறிவித்தபோது மறுபடியும் சமம். போவது பொன்னி. தட்டாமல் போய் ஒருத்தியைத் தொட்டாலே கோப்பை எங்களுக்கு. தட்டினால் இரண்டு பேரைத் தொட வேண்டும். முதல் வரிசையிலிருந்து சித்தப்பா, "தட்டாத பொன்னி" என்று கெஞ்சினார். அவர் கெஞ்சி அன்றைக்குத்தான் பார்த்தேன். எதிரே ஜெயம்மாள் காத்திருந்தாள்.

பொன்னி தட்டினாள்.

ஐயம்பேட்டைக்கு ஒரு பாயிண்ட் ஏறியது. பொன்னி பாட்டை விடாமல் உள்ளே இறங்கினாள். வலது மூலையில் கை நீட்டியவுடன் ஜெயம்மாள் பாய்ந்து கணுக்காலைப் பிடித்தாள். இன்னொருத்தி இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பிடித்தவர்கள் இரண்டு பேர். கோட்டைத் தொட்டால் இரண்டு பாயிண்ட், தொடாவிட்டால் எங்கள் அணியே கிடையாது. பொன்னி விழுந்தாள். விழுந்தபடியே இரண்டு பேரையும் இழுத்தாள். கபடி கபடி என்ற அந்தப் பாட்டு மண்ணுக்குள்ளிருந்து வருவது போல அடங்கி அடங்கிக் கேட்டது. நடுக்கோட்டுக்கு ஒரு சாண் இருந்தது. அப்புறம் விரல் அளவு. அப்புறம் அவள் நடுவிரல் கோட்டைத் தாண்டி எங்கள் மண்ணில் பதிந்தது.

நீண்ட விசில். ஒரு பாயிண்டில் நாங்கள் ஜெயித்தோம். நான் அழுதேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. சித்தப்பா பக்கத்தில் இருந்தவரைக் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார். அப்படி மாட்டிக்கொண்டவர் பராங்குசம். அவர் எப்போது எழுந்து கோட்டோரம் வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. அங்கவஸ்திரம் தரையில் கிடந்தது.

கோப்பையைப் பொன்னியின் கையில் கொடுத்துவிட்டு அவர் மைக்கைப் பிடித்து, தொண்டையைச் செருமினார். அடக்கத்தைப் பற்றி ஏதோ சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன். அதற்குள் ஜெயம்மாள் மேடைக்கு எதிரே வந்து நின்றாள்.

"அடுத்த பொங்கலுக்கு வருவியாமா?"

கேட்டுவிட்டுத் தொடையில் தட்டினாள். பொன்னி கோப்பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் பதில் தட்டு தட்டினாள். அணியைக் கலைக்கும் பேச்சு இனி எந்த வருஷமும் எழாதபடி அந்த ஒரு தட்டில் அடிபட்டுப் போயிற்று. இத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொண்ட சவாலுக்கு வராமல் இருக்கத் தாமலில் எவனுக்கும் தைரியம் கிடையாது.

பராங்குசம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மைக் திறந்திருப்பதை மறந்தோ மறக்காமலோ, பலகைப் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"கோதண்டபாணி, இந்த ரெண்டையும் எழுத வேண்டாம்."