சம்பந்தி கொண்டுவந்த காளான்

கல்யாணமாகி ஒன்றரை வருஷம் கழித்து, முத்துச்செல்வியின் அப்பா தங்கதுரை தூத்துக்குடியில் சம்பந்தி வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஓலைப்பெட்டி நிறையக் குடைக்காளான். ஆறுமுகநேரித் தோட்டத்தில் மழைக்கு முளைத்தது என்றார். மகள் தானாகத் தேடிக்கொண்ட வேதக்கார வீடு, கிறிஸ்தவக் குடும்பம் என்று அதுவரை எட்டிப் பார்க்காத மனிதர். இன்றைக்காவது உள்ளே வந்து உட்காரமாட்டாரா என்று முத்துச்செல்வி அவர் கால் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாமியார் பிலோமி பெட்டியை வாங்கினாள். வாங்கியதோடு விட்டாளா? செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீனும் வாங்காத கை அது, சும்மா இருக்குமா! கொண்டுவந்தவர் முன்னாலேயே ஒவ்வொரு காளானாகத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தாள். அப்பாவின் முகம் சுண்டிப்போனது. மாமியை அப்படியே அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய்விடலாமா என்றிருந்தது முத்துச்செல்விக்கு.

"அண்ணாச்சி, இதுக்கு அடி வெள்ளையா இருக்கு. இதுல பச்சை ஓடுது. ரெண்டும் ஒண்ணுதானா?"

தங்கதுரை இரண்டையும் வாங்கிப் பார்த்தார். அதே குடை, மேலே அதே பழுப்புச் செதில், காம்பில் அதே வளையம். அண்ணன் தம்பி மாதிரிதான் இருந்தன. ஆனால் வெள்ளை அடிக்காரன் காம்பில் பாம்புத்தோல் போல வரி, பச்சை ஓடியதன் காம்பு வழவழவென்று இருந்தது. அவருக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. தோட்டத்தில் கிடைத்தது அரைப்பெட்டிதான். சம்பந்தி வீட்டுக்கு அரைப்பெட்டியோடு போவது கௌரவமா என்று, வரும் வழியில் ரோட்டோரப் புல்லில் நின்றதையும் பறித்து நிரப்பியிருந்தார். பச்சை ஓடுகிற ஜாதி தின்றவர் குடலைப் புரட்டிப் போட்டுவிடும். பிஞ்சில் அதற்கும் அடி வெள்ளைதான்.

பொறுக்கிப் பிரிக்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. மொத்தத்தையும் கொண்டுபோய்க் குப்பையில் கவிழ்த்துவிட்டு வந்தார்.

"யாருக்காவது ஒண்ணு ஆயிருந்தா, வேணும்னே செஞ்சாம்னுல்லா ஊரு சொல்லும். இப்பம் வெறுங்கையோட நிக்கேன் மதினி."

அவர் வாயிலிருந்து மதினி என்று உறவுமுறை வந்ததில் முத்துச்செல்விக்குக் கண் கலங்கியது.

"வெறுங்கையா? பிள்ளையத் தந்திருக்கீங்களே அண்ணாச்சி."

"நான் எங்க தந்தேன்? அவளால்லா வந்தா."

"அப்பம் இன்னைக்குத் தாங்க," என்றாள் பிலோமி.

தங்கதுரை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மகளின் கையைப் பிடித்துப் பிலோமியின் கையில் வைத்தார். முத்துச்செல்விக்கு அன்றுதான் கல்யாணம் முடிந்தது போலிருந்தது.