எட்டரை மணி மாத்திரை

மாத்திரைத் தூள் டீயில் கரைய மாட்டேன் என்று அடம்பிடித்தது. தங்கை விடாமல் கலக்கினாள். விடியற்காலையில் இறந்துபோன அம்மாவை முன்னறையில் கிடத்தியிருந்தார்கள். வண்டி பத்து மணிக்கு வரும். அழுகை வரும் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. கை மட்டும் கலக்கிக்கொண்டிருந்தது.

"காதும் காதும் வச்ச மாதிரி குடுத்துடு. இன்னைக்கு அவன் கத்தாம இருந்தாப் போதும்," என்றார் மாமா. எல்லார் வீட்டுப் பிரச்சினைக்கும் அவரிடம் யோசனை உண்டு, தன் வீட்டுக்குத்தான் இல்லை.

'அவன்' என்றால் அண்ணன். பூட்டு பழுதுபார்ப்பவன் என்பதால் தெருவுக்கே 'சாவி'. இருபது வயதில் காதுக்குள் குரல்கள் பேச ஆரம்பித்தன. டாக்டர் மனச்சிதைவு என்றார். சாவி அந்தக் குரல்களுக்கு 'மாடி வீட்டுக்காரங்க' என்று பெயர் வைத்தான். மாத்திரை போட்டால் அவர்கள் சத்தம் அடங்கியது. ஆனால் கையும் நடுங்கியது, அரம் பிடிக்க முடியவில்லை. வேண்டாம் என்றுவிட்டான். அம்மா சாப்பாட்டில் பொடித்துப் போட்டாள். கண்டுபிடித்துவிட்டான். அதன்பிறகு வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கடைசியில் மூன்று மாதம் ஆஸ்பத்திரி.

திரும்பி வந்தவனிடம் அம்மா மன்னிப்புக் கேட்டாள். டாக்டரிடம் மல்லுக்கு நின்று, கை நடுங்காத மாத்திரையாக மாற்ற வைத்தாள். பிறகு இருவருக்கும் ஓர் ஒப்பந்தம். தினமும் காலை எட்டரைக்கு எதிரெதிரே உட்கார்ந்து, அவன் தன் மாத்திரையையும் அவள் தன் பிரஷர் மாத்திரையையும் விழுங்க வேண்டும். ஒருவருக்கொருவர் நாக்கை நீட்டிக் காட்ட வேண்டும். பதினொரு வருஷம் அது தவறவில்லை.

மணி எட்டு இருபத்தெட்டு. தங்கை தம்ளரைத் தொட்டியில் கவிழ்த்தாள்.

"என்ன பண்ற நீ?"

"நாளைக்கும் அவன் இந்த வீட்டுல சாப்பிடணும் மாமா."

முன்னறையில் சாவி மாத்திரை டப்பாவைத் திறந்து வைத்திருந்தான்.

"அட்டையில ஒண்ணு குறையுது," என்றான், நிமிராமல்.

தங்கைக்குப் பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்கினாள். "நான்தான் எடுத்தேன். உன் டீயில போட்டேன். அப்புறம் கொட்டிட்டேன்."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். மாமா கதவருகில் வந்து நின்றார். தங்கைக்குப் பயமாக இருந்தது. அந்தக் காலையில் அவளுக்குள் அசைந்தது அந்தப் பயம் ஒன்றுதான்.

சாவி அடுத்த மாத்திரையைப் பிரித்தான். அம்மாவின் பிரஷர் மாத்திரையையும் எடுத்து அவள் தலைமாட்டில் வைத்தான். தன்னுடையதை விழுங்கினான். அம்மாவின் முகத்துக்கு நேரே குனிந்து நாக்கை நீட்டினான். அப்படியே இருந்தான்.

"அம்மாவால இனிமே முடியாதுண்ணா."

"தெரியும்."

தலைமாட்டில் வைத்த மாத்திரையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தங்கை பக்கம் திரும்பினான்.

"நீ காட்டு."

"நான் எதுவும் போடலையே."

"பரவால்ல, காட்டு."

அவள் எதிரே உட்கார்ந்து வாயைத் திறந்து நாக்கை நீட்டினாள். பூட்டுக்குள் பார்ப்பதுபோல் ஒரு கண்ணைச் சுருக்கி, அவசரமில்லாமல் பார்த்தான். அவன் 'சரி' என்று சொல்லும்வரை அவள் வாயை மூடவில்லை.