எல்லாருக்கும் ஒரே கடைசி வரி

அது பனிக்காலமா, மழை தொடங்கிவிட்டதா என்று எனக்கு உறுதியாக நினைவில்லை. ஜப்பானின் கனசாவா நகரில் எங்கள் சிறு நிறுவனம் தங்கும் விடுதிகளுக்கு இணையதளம் செய்து கொடுத்தது. விடுதிகளின் பெயரில் விருந்தினர்களுக்குப் போகும் எல்லா மின்னஞ்சல்களுக்கும் உடன் வேலை பார்த்த ஃபுகாயா ஒரே டெம்ப்ளேட் எழுதி வைத்திருந்தான். தலைப்பும் கடைசி வரியும் மாறாதவை. நடுவில் இருப்பதை மட்டும் மாற்றினால் போதும்.

முதன்முறையாக ஓர் ஈமச்சடங்கு மண்டபம் எங்கள் வாடிக்கையாளராக வந்தது. ஃபுகாயா நடுவில் உருக்கமாக அனுதாபம் எழுதினான். கடைசி வரியை யாரும் பார்க்கவில்லை. அந்த மண்டபத்தில் சடங்கு நடத்தி, கணவரைத் தகனம் செய்த மறுநாள் கிதமுரா அம்மாளுக்கு அது போய்ச் சேர்ந்தது: "மீண்டும் வருக! அடுத்த முறை பத்து சதவீதம் தள்ளுபடி."

இன்னொரு சாவை அழைப்பதாகிவிடும் என்று, சாவு வீட்டில் 'மீண்டும்' என்ற சொல்லையே நாங்கள் வாய்தவறியும் சொல்வதில்லை.

"அந்தம்மா மன்னிக்கலன்னா மண்டபம் போயிரும். மண்டபம் போனா நீயும் போயிருவடா," என்றார் முதலாளி ஹமனாகா, ஃபுகாயாவைப் பார்த்து.

இனிப்புப் பெட்டியோடு மூவரும் அவர் வீட்டுக்குப் போய் நெற்றி தரையில் பட வணங்கினோம். அம்மாள் கேட்டார்:

"யாருப்பா எழுதினது?"

"நான்தாம்மா," என்றான் ஃபுகாயா.

"தள்ளுபடி அடுத்த தடவைதான்னு தெரிஞ்சிருந்தா, எங்க வீட்டுக்காரர் இந்தத் தடவை செத்தே இருக்கமாட்டாரு!"

அவர் சிரித்தார். சிரிக்கலாமா என்று தெரியாமல் ஹமனாகா மறுபடி வணங்கினார்.

மண்டபம் எங்களிடமே இருக்கிறது. ஃபுகாயாவின் வேலை போகவில்லை. அதன்பின் கடைசி வரியை ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனியாக எழுதினான். ஹமனாகா ஓய்வு பெற்றுவிட்டார். கிதமுரா அம்மாள் மகளோடு நகோயாவில் வசிக்கிறார்.