இருபத்தெட்டு நிமிடக் கெடு

அலாரம் அலறியது. நரம்பில் மருந்து ஏற்றி எட்டு நிமிடம் ஆகிவிட்டது; இனி சிகிச்சையைத் தொடங்கலாம். நர்ஸ் அதை அமுக்கிவிட்டுக் கதவைப் பார்த்தாள். டாக்டரைக் காணோம்.

கட்டிலில் தையல்காரம்மா. மார்புக் கட்டி உடைந்து புண்ணாகி, அந்த வாடைக்குப் பயந்து கணவர் ஆறு மாதமாக வெளி அறையில் படுக்கிறார். அவர் மூக்குக்கு ராஜ வைத்தியம் பார்க்க வேண்டும் என்று காலையில் அவளே சிரித்தாள். புண் காய்ந்தால் போதும் அவளுக்கு.

கட்டிக்குள் ஊசிகளைச் செருகி மின்துடிப்பு கொடுத்தால் புற்றுச் செல்லின் உறை சற்றே திறக்கும். மருந்து உள்ளே நுழையும். மருந்து ஏற்றிய இருபத்தெட்டு நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். அப்புறம் ரத்தத்திலிருந்து மருந்து வடிந்துவிடும். வெறும் ஷாக்தான் மிச்சம்.

நர்ஸ் வராந்தாவுக்கு ஓடினாள். அந்த மின்துடிப்புக் கருவியை நன்கொடையாகத் தந்த முதலாளியோடு டாக்டர் கேக் வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டினார். மறுபடி போனபோது, படத்தில் நிழல் விழுகிறது, தள்ளி நில்லுங்கள் என்றார் போட்டோக்காரர்.

முப்பத்தோராவது நிமிடம் டாக்டர் வந்தார். உதட்டோரம் ஒட்டியிருந்த கிரீமை நாக்கால் வழித்துக்கொண்டார். இத்தனை நாள் அந்தப் புண்ணை முகம் சுளிக்காமல் துடைத்த நர்ஸ், இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நேரம் தாண்டிவிட்டதை மெல்லச் சொன்னாள். நோயாளியிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, சில வாரம் கழித்து மறுபடி மருந்து ஏற்றலாமே என்றாள். மருந்துக்கு மணி பார்க்கத் தெரியுமா என்று கேட்டார் டாக்டர். முதலாளிக்கு இன்றே அறிக்கை போக வேண்டுமாம். குறிப்பில் இருபதாவது நிமிடம் என்று எழுதச் சொன்னார்.

அவள் பேனாவை எடுக்கவில்லை.

"உங்க டிரான்ஸ்பர் மனு இன்னும் என் மேஜைலதான் இருக்கு, சிஸ்டர்."

இரண்டு வருடமாக அவள் குழந்தைகள் வேறு ஊரில் வளர்கிறார்கள்.

ஒவ்வொரு துடிப்புக்கும் தையல்காரம்மாவின் உடம்பு தூக்கிப் போட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். எட்டாவது துடிப்பு முடிந்ததும் டாக்டர் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வராந்தாவுக்குத் திரும்பினார்.

நர்ஸ் எழுதினாள். சோப்புப் போட்டு இருமுறை கை கழுவினாள். அருவருப்பு போகவில்லை.

இவ்வளவு தூக்கிப் போட்டதே, மருந்து நன்றாக உள்ளே போயிருக்கும் இல்லையா என்று கேட்டாள் தையல்காரம்மா.

நர்ஸ் போர்வையை இழுத்துவிட்டாள்.

"போயிருக்கும்க்கா. சரியா இருபதாவது நிமிஷத்துலயே குடுத்துட்டோம்ல."