நோன்பு வாய்

ரமலான் பத்தாம் நாளிலிருந்து என் மனைவி இன்ஷிராஹ் சுவரைப் பார்த்துப் படுக்க ஆரம்பித்தாள். முதலில் நான் கண்டுகொள்ளவில்லை. சிமென்ட் கிடங்கில் மூட்டை தூக்கிவிட்டு வருகிறவனுக்கு முதுகைச் சாய்க்க இடம் கிடைத்தால் போதும். ஆனால் நோன்பு திறக்கும்போதும் தட்டை இழுத்துக்கொண்டு எட்டப் போய் உட்கார்ந்தாள். நான் பேச வாயைத் திறந்தால் "உம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள்.

இருபத்தாறு வருஷம் என்னோடு வாழ்ந்தவள். நான் என்ன தப்பு செய்தேன் என்று மூட்டை தூக்கிக்கொண்டே யோசித்தேன். போன வருஷம் அவள் அக்கா வந்திருந்தபோது டிவியைச் சத்தமாக வைத்தேன். அதுவா? மகன் தாஹா பட்டாளத்துக்குப் போனபோது நான் அழவில்லை. அதுவா? ஒன்றும் பிடிபடவில்லை.

பெருநாள் வந்தது. உப்பில் ஊறிய ஃபஸீக் மீனும் பச்சை வெங்காயமும் எங்கள் ஊர் ஸிஃப்தா முழுக்க நாறின. அந்த மூன்று நாளும் அவள் சுவரைத்தான் பார்த்தாள். அப்புறம் நான் ரமலானுக்கு அடுத்த ஷவ்வால் மாசத்து ஆறு நோன்பைத் தொடங்கினேன். நோன்பு பிடித்தால் வீட்டில் அமைதி வரும் என்று ஒரு நினைப்பு.

மூன்றாவது நோன்பன்று, லாரியில் என் கூட மூட்டை ஏற்றும் ஷஹாத்தா என் கையில் நாலு ஏலக்காயைத் திணித்தான். வயசில் மூத்த தொழிலாளி என்று என்னை மரியாதையாக 'உஸ்தா' என்பான்.

"உஸ்தா பஸ்யூனி, சாயங்காலம் மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் இதை வாயில போடுங்க. பேரீச்சம்பழமெல்லாம் அப்புறம்."

"எதுக்குடா?"

"நீங்க 'தூக்கு'ன்னு சொல்லும்போதெல்லாம் எனக்குக் கண்ணு கலங்குது. சிமென்ட் தூசின்னு நெனச்சேன். பெருநாளைக்குக் கட்டிப் பிடிச்சு வாழ்த்துச் சொன்னீங்களே, அன்னைக்கும் கலங்குச்சு."

"நோன்பு வாய்டா அது. நோன்பாளி வாய் வாடை இறைவனுக்குக் கஸ்தூரியை விட உசத்தி, தெரியுமா?"

"இறைவனுக்குச் சரிதான் உஸ்தா. நான் ஷஹாத்தா."

லாரியில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு தனியாகப் போய் உள்ளங்கையில் ஊதி முகர்ந்து பார்த்தேன். சிமென்ட் வாடைதான் வந்தது. எனக்கு ரொட்டியே சிமென்ட் வாடைதான் அடிக்கிறது. என் மூக்கை எப்படி நம்புவது?

அன்று சாயங்காலம் இன்ஷிராஹ் அடுப்படிக்குள் இருந்தபடியே சொன்னாள். "வெள்ளிக்கிழமை மன்சூராவுக்கு அக்கா வீட்டுக்குப் போறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"தெரியல."

அந்த 'தெரியல' என் நெஞ்சில் மூட்டை மாதிரி விழுந்தது. இவள் திரும்பி வருவாளா?

ஷஹாத்தாவைக் கலங்க வைத்த வாய்தான் இவளையும் துரத்துகிறதோ என்று நேராக மூலிகைக் கடை முர்ஸியிடம் போனேன். வாயைத் திறக்கச் சொல்லவே இல்லை அவர். "வயித்துக் கோளாறுதான், ஹாஜி" என்று நிலாவாரைக் கஷாயப் பொடி கொடுத்தார். நான் ஹஜ்ஜுக்குப் போனதில்லை. பணம் கொடுக்கிற எல்லாரும் அவருக்கு ஹாஜிதான். அதைக் குடித்துவிட்டு விடியும்வரை கக்கூஸுக்கும் படுக்கைக்கும் நடந்தேன். வயிறு காலியாகிவிட்டது. காலையில் 'தூக்கு' என்று சொல்லிவிட்டு ஷஹாத்தாவின் முகத்தைப் பார்த்தேன். கண் அப்போதும் கலங்கியது.

வியாழக்கிழமை மதியம் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுத் தர்ம ஆஸ்பத்திரிப் பல் டாக்டரிடம் போய் உட்கார்ந்தேன். நிவீன் என்று பேர். தாஹாவை விட இரண்டு வயசு கூட இருக்கும்.

"மணிக்கட்டை நாக்கால நக்குங்க மாமா. கொஞ்சம் காயட்டும். இப்ப முகர்ந்து பாருங்க."

முகர்ந்தேன். சிமென்ட்டையும் தாண்டி ஒன்று வந்தது. செத்த எலி.

"இது நோன்பு வாடை இல்லையாம்மா?"

"நோன்புல வாய் காயும், லேசா வாடை வரும். தண்ணி குடிச்சா போயிடும். இது போகாது. கடைசிப் பல்லு உடைஞ்சு உள்ள அழுகிக் கிடக்கு. ஈறுல சீழ். நாக்கு மேல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி படிஞ்சிருக்கு. வலிக்கலையா?"

"வலிச்சுது. உடம்புல எல்லா இடமும்தான் வலிக்குது."

"வயித்தைத் திட்டாதீங்க. முக்கால்வாசிப் பேருக்கு நாத்தம் வாயிலதான் பொறக்குது. நாக்கை வழிக்கணும், பல்லிடுக்கைச் சுத்தம் பண்ணணும், நோன்பு திறந்தா தண்ணி நிறைய குடிக்கணும். இந்தப் பல்லைப் புடுங்கணும். நோன்பு முடிஞ்சு வர்றீங்களா?"

எனக்குக் குழப்பமாகிவிட்டது. ரத்தத்தை விழுங்கினால் நோன்பு என்னாவது? ஆனால் விடிந்தால் வெள்ளிக்கிழமை, அவள் கிளம்பிவிடுவாள். இது கட்டாய நோன்பு இல்லை, இன்னொரு நாள் பிடித்துக்கொள்ளலாம்.

"இப்பவே புடுங்கிடும்மா" என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது வாய் நிறையப் பஞ்சு. அரை மணி நேரம் பேசக்கூடாது என்று உத்தரவு. இன்ஷிராஹ் பஞ்சில் ரத்தத்தைப் பார்த்துவிட்டாள்.

"யாரு அடிச்சது? ஷஹாத்தாவா? அவன் தாடியைப் பிச்சுடுறேன்!"

இல்லை என்று தலையை ஆட்டினேன். வாயைக் காட்டினேன், பல்லைப் பிடுங்குவது போல் காட்டினேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அரை மணி கழித்துப் பஞ்சைத் துப்பிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மணிக்கட்டில் செத்த எலி நாறியது உட்பட.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்போ அது நோன்பு வாய் இல்லையா?"

"இல்லையாம்."

"நோன்பாளியோட வாயைப் போய் நாறுதுன்னு சொன்னா எனக்குப் பாவம் இல்லையா தாஹா வாப்பா? அதான் மூச்சுக் காட்டாம இருந்தேன். மிச்ச நோன்பும் முடியட்டும்னுதான் அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன்."

"பெருநாள்ல சொல்லியிருக்கலாமே? அப்ப நோன்பு இல்லையே."

"பெருநாள்ல ஃபஸீக். நானும்தானே தின்னேன். யாரு வாய் நாறுதுன்னு நான் எப்படிக் கண்டேன்?"

பிறகு எழுந்து என் தாடையைப் பிடித்துக் கிட்டே வந்து முகர்ந்தாள். ஒரு மாசத்தில் இவ்வளவு கிட்டே வந்ததில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

"மூச்சு விடுங்க. இல்லாட்டி எப்படித் தெரியும்?"

விட்டேன்.

"ரத்தமும் மருந்தும் நாறுது."

"முன்னைக்கு இப்ப பரவாயில்லையா?"

"தெரியல" என்றாள். மறுபடி முகர்ந்தாள். "வேற மாதிரி நாறுது."

அது நல்லதா கெட்டதா என்று எனக்கு விளங்கவில்லை. "நாளைக்கு மன்சூராவுக்குப் போறியா?" என்று கேட்டேன்.

"அக்காகிட்ட சொல்லியாச்சு, போகாம இருக்க முடியாது. நீங்களும் வாங்க" என்றாள். "பஸ்ல மட்டும் ஜன்னல் பக்கமா உட்காருங்க."